அணுவும் கதிரியக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிரியக்கம் குறித்து மாணவர்களும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். இவற்றில் பெரும்பாலான குழப்பங்கள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. அணுவுக்குள் இரண்டு தனித்தனி உலகங்கள் இருக்கின்றன: வெளியே எலக்ட்ரான்கள், நடுவே அணுக்கரு. எரிவது, துருப்பிடிப்பது, கரைவது, செரிப்பது எல்லாம் எலக்ட்ரான்களின் வேலை. கதிரியக்கம், அதாவது நிலையற்ற அணுக்கரு தானாகவே சிதைந்து கதிர்களை வெளிவிடுவது, அணுக்கருவின் வேலை. இந்த வேறுபாடு மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டால் மற்றவை தானாகவே தெளியத் தொடங்கும்.

அணு எவற்றால் ஆனது?

புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்ற மூன்று துகள்களால். புரோட்டானுக்கு நேர்மின்சுமை, எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்மின்சுமை, நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவில் நெருங்கி அமைந்திருக்கின்றன. எலக்ட்ரான்கள் அதற்கு வெளியே பரவியிருக்கின்றன. ஒரு புரோட்டானின் நிறைக்கு ஈடாக வேண்டுமென்றால் சுமார் 1,836 எலக்ட்ரான்கள் வேண்டும். ஆகவே அணுவின் எடை முழுவதும் ஏறக்குறைய அணுக்கருவிலேயே அடங்கிவிடுகிறது.

எலக்ட்ரானை 1897-இல் ஜே. ஜே. தாம்சன் இனங்கண்டார். நியூட்ரானைக் கண்டுபிடிக்க 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சுமை இல்லாததால் அது எளிதில் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் சாட்விக்.

அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்கிறார்கள். அதை எப்படிக் கண்டறிந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இயற்பியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் கைகரும், அப்போது மாணவராக இருந்த எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்பா துகள்களை, அதாவது கதிரியக்கப் பொருள்களிலிருந்து பாய்ந்துவரும் நேர்மின்சுமைத் துகள்களை, வீழ்த்தினார்கள். தங்கத் தகடு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. தகட்டைக் கடந்துவரும் துகள் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் படும்போது ஒரு நுண்ணிய ஒளிப்பொட்டு தோன்றும். இருட்டறையில் உட்கார்ந்து நுண்ணோக்கி வழியாக அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

அந்நாளில் நேர்மின்சுமை அணு முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகவே கருதினார்கள். அது உண்மையானால் எல்லாத் துகள்களும் சற்றே விலகி மறுபக்கம் போயிருக்க வேண்டும். பெரும்பாலானவை அப்படித்தான் போயின. ஆனால் மிகச் சில துகள்கள் வந்த திசைக்கே திரும்பின. பிளாட்டினத் தகட்டில் சுமார் 8,000-இல் ஒன்று அவ்வாறு திரும்பியது. ஒளியின் வேகத்தில் சுமார் 5 சதவீத வேகத்தோடு பாயும் துகளைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால், அணுவின் நேர்மின்சுமையும் நிறையும் மிக மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும். 1911-இல் ரூதர்ஃபோர்டு வந்தடைந்த முடிவு அதுதான். அணுக்கருவின் பிறப்பு அங்கே நிகழ்ந்தது.

அளவை உணர ஒரே ஓர் ஒப்புமை போதும். ஹைட்ரஜன் அணுவின் கருவை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கோலிக்குண்டாக எண்ணிக்கொண்டால், அந்த அணுவின் குறுக்களவு சுமார் 600 மீட்டர். உண்மையான அணுவின் குறுக்களவு ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது.

அப்படியானால் மேசைக்குள் கை ஏன் நுழைவதில்லை?

'வெற்றிடம்' என்பதை 'ஒன்றுமே இல்லாத இடம்' என்று எடுத்துக்கொள்வதால் எழும் கேள்வி இது. அந்த இடம் முழுவதும் எலக்ட்ரான்களின் பரவல் இருக்கிறது. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது எலக்ட்ரான்களின் மின்விலக்கமும், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பௌலியின் விலக்கு விதியும் சேர்ந்து தடுக்கின்றன. கையிலும் மேசையிலும் உள்ள அணுக்கருக்கள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்களைப் போலச் சுற்றுகின்றனவா?

இல்லை. அந்தப் படம் புத்தக அட்டைகளில் இன்னும் உயிரோடு இருப்பது எனக்கு வருத்தமே. வட்டப்பாதையில் சுற்றும் மின்சுமை தொடர்ந்து ஆற்றலை இழந்தாக வேண்டும். அப்படி இழந்தால் எலக்ட்ரான் நொடிப்பொழுதில் அணுக்கருவில் போய் விழுந்துவிடும். 1913-இல் நீல்ஸ் போர், குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே எலக்ட்ரான் இருக்க முடியும் என்ற துணிச்சலான கருத்தை முன்வைத்து ஹைட்ரஜனின் நிறமாலையை விளக்கினார். ஆற்றல் மட்டங்கள் என்ற கருத்து நிலைத்துவிட்டது, வட்டப்பாதைகள் நிலைக்கவில்லை. 1920-களில் உருவான குவாண்டம் இயக்கவியலின்படி, எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்பதற்கான நிகழ்தகவை மட்டுமே சொல்ல முடியும்.

ஒரு தனிமத்தைத் தங்கம் என்றோ ஈயம் என்றோ தீர்மானிப்பது எது?

புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே. 79 புரோட்டான்கள் இருந்தால் தங்கம், 82 இருந்தால் ஈயம். இதுவே அணு எண். 1913-இல் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்களை அளந்து, அணு எண் என்பது தனிம வரிசையில் ஒட்டிய வெறும் வரிசை எண் அல்ல, அணுக்கருவின் மின்சுமையே என்று நிறுவினார். இரண்டே ஆண்டுகளில், 1915-இல், கல்லிப்போலி போர்க்களத்தில் அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. அறிவியல் வரலாற்றில் ஈடுசெய்ய முடியாத இழப்புகளில் அதுவும் ஒன்று.

ஐசோடோப் என்றால் என்ன?

புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்கள். கார்பன்-12, கார்பன்-13, கார்பன்-14 மூன்றிலும் 6 புரோட்டான்கள். நியூட்ரான்கள் முறையே 6, 7, 8. பின்னால் வரும் எண் இரண்டின் கூட்டுத்தொகை, அதாவது நிறை எண்.

வேதியியலில் இவை மூன்றும் ஏறத்தாழ ஒன்று போலவே நடந்துகொள்ளும், ஏனெனில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் கார்பன்-14 மட்டும் கதிரியக்கம் உள்ளது. ஐசோடோப்களை அடையாளம் கண்டு பெயரிட்டவர் பிரெடெரிக் சாடி, 1913-இல். எல்லா ஐசோடோப்களும் கதிரியக்கம் கொண்டவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. வெள்ளீயத்துக்கு மட்டுமே 10 நிலையான ஐசோடோப்கள் உண்டு.

நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிவிடாதா? அணுக்கரு எப்படிச் சிதறாமல் இருக்கிறது?

தள்ளத்தான் செய்கின்றன, மிகக் கடுமையாக. அதைவிட வலிமையான அணுக்கரு விசை அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அந்த விசையின் வீச்சு மிகக் குறைவு. பக்கத்தில் இருக்கும் துகளை இறுகப் பிடிக்கும். சற்றுத் தள்ளியிருப்பதைத் தொடவே தொடாது. மின்விலக்கமோ அணுக்கருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எட்டும்.

கதிரியக்கத்தின் வேர் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. அணுக்கரு பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு புரோட்டானையும் மற்ற எல்லாப் புரோட்டான்களும் தள்ளுகின்றன. பிடித்துவைப்பவையோ அக்கம்பக்கத்துத் துகள்கள் மட்டுமே. விலக்கம் இல்லாமல் பிணைப்பை மட்டும் தரும் நியூட்ரான்கள் இங்கே உதவுகின்றன. அதனால்தான் சிறிய அணுக்களில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க, ஈயம்-208-இல் 82 புரோட்டான்களுக்கு 126 நியூட்ரான்கள் தேவைப்படுகின்றன. நியூட்ரான் மிகையாகிவிட்டாலும் நிலைத்தன்மை கெடும். ஈயத்தைத் தாண்டிய எந்தத் தனிமத்துக்கும் முற்றிலும் நிலையான ஐசோடோப் இல்லை.

பிஸ்மத்-209 நிலையானது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2003-இல் பிரான்ஸில் அதன் சிதைவும் பதிவாகிவிட்டது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 2 லட்சம் கோடி கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

பிணைப்பின் வலிமையை நேரடியாக நிறுத்துப் பார்க்கவும் முடியும். இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் தனித்தனியாக நிறுத்துக் கூட்டினால் வரும் நிறையை விட, அவை சேர்ந்து உருவான ஹீலியம் கருவின் நிறை சுமார் 0.75 சதவீதம் குறைவு. அந்தக் குறைவு ஐன்ஸ்டைனின் நிறை–ஆற்றல் சமன்பாட்டின்படி ஆற்றலாக வெளியேறிவிட்டது. சூரியன் ஒளிர்வது இந்தக் கணக்கால்தான்.

கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தது யார்?

1896-இல் பாரிஸில் ஆன்ரி பெக்கெரல். யுரேனிய உப்பு சூரிய ஒளியை உள்வாங்கிக் கதிர்களாக வெளிவிடுகிறதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். பிப்ரவரி இறுதியில் வானம் மூட்டமாக இருந்ததால், கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டையும் உப்பையும் இழுப்பறையில் வைத்துவிட்டார். மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, உப்பின் உருவம் தெளிவாகப் பதிந்திருந்தது. வெயிலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று புரிந்தது.

இதை வெறும் தற்செயல் என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமல்ல. வெயில் படாத தகட்டையும் கழுவிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் அறிவியல் மனம்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் மேரி கியூரி. பல யுரேனியச் சேர்மங்களை அளந்து, கதிர்வீச்சின் வலிமை யுரேனியத்தின் அளவை மட்டுமே பொறுத்தது, அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல என்று கண்டார். பொடியாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும், ஈரமாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும் ஒரே விடை. ஆகவே இது மூலக்கூறுகளின் பண்பல்ல, அணுவின் பண்பு. என் பார்வையில், புதிய தனிமங்களைக் கண்டுபிடித்ததை விடவும் அவருடைய ஆழமான பங்களிப்பு இந்த முடிவே. அணுக்கரு என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அவர் இதைச் சொன்னார்.

1898-இல் மேரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவித்தார்கள். டன் கணக்கில் பிட்ச்பிளெண்ட் தாதுக் கழிவைக் காய்ச்சி வடித்து, 1902-இல் பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார்கள். மேரியின் ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் கதிரியக்கத்தோடு இருப்பதால் ஈயப் பெட்டிகளில் பாதுகாக்கப்படுகின்றன.

ஆல்பா, பீட்டா, காமா: என்ன வேறுபாடு?

ஆல்பா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கருவே: இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். அதை வெளியேற்றிய தனிமம் அணு எண்ணில் இரண்டும் நிறை எண்ணில் நான்கும் குறையும். ரேடியம்-226 ஆல்பாவை விட்டால் ரேடான்-222 ஆகிறது. காற்றில் சில சென்டிமீட்டர்கள் மட்டுமே போகும். ஒரு தாள் போதும் தடுக்க. தோலின் மேற்புறத்து இறந்த செல்களே அதை நிறுத்திவிடும்.

பீட்டா என்பது அணுக்கருவிலிருந்து வெளிவரும் வேகமான எலக்ட்ரான். காற்றில் சில மீட்டர்கள் வரை போகலாம். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு தடுத்துவிடும். சில ஐசோடோப்கள் நேர்மின்சுமை கொண்ட பாசிட்ரானை வெளிவிடும். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் பெட் ஸ்கேன் அதைக் கொண்டே இயங்குகிறது.

காமா துகளல்ல, மிகு ஆற்றல் கொண்ட ஒளி. ஆல்பா அல்லது பீட்டா சிதைவுக்குப் பிறகு கிளர்ச்சி நிலையில் இருக்கும் அணுக்கரு, மிஞ்சிய ஆற்றலை இப்படி வெளிவிடுகிறது. காமாவை இத்தனை தடிமன் இருந்தால் முழுவதும் தடுத்துவிடலாம் என்று சொல்ல இயலாது. குறிப்பிட்ட ஒரு தடிமனைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறையும். சீசியம்-137-இன் காமா கதிர்களைப் பாதியாக்க சுமார் 6 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். இன்னொரு 6 மில்லிமீட்டர் வைத்தால் கால் பங்காகும்.

ஆல்பா வலுவற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. வெளியே இருக்கும்வரை அது தீங்கற்றது. மூச்சிலோ உணவிலோ உள்ளே போய்விட்டால், குறுகிய தூரத்துக்குள் தன் ஆற்றல் முழுவதையும் உயிருள்ள செல்களில் கொட்டிவிடும். 1920-களில் அமெரிக்கக் கடிகாரத் தொழிற்சாலைகளில் ரேடியம் கலந்த ஒளிர்வண்ணத்தைத் தீட்டிய பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டால் கூர்மையாக்கும்படி பழக்கப்படுத்தப்பட்டார்கள். ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் போய்ச் சேர்ந்தது. தாடை எலும்பு அழுகியும் புற்றுநோயாலும் அவர்களில் பலர் இறந்தார்கள். நீதிமன்றம் வரை சென்று அவர்கள் நடத்திய போராட்டத்தால்தான் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் இறுக்கமாயின.

அணுக்கருவில் எலக்ட்ரானே இல்லையே, பீட்டா துகள் எங்கிருந்து வருகிறது?

மிக நல்ல கேள்வி. அது முன்பே அங்கு இருந்ததல்ல, அந்தக் கணத்தில் உருவாவது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் பிறந்து வெளியேறுகின்றன. அணு எண் ஒன்று கூடுகிறது. கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆகிவிடுகிறது.

நியூட்ரினோவின் கதை தனிச்சுவை உடையது. பீட்டா துகள்களின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் வேறுபட்டதால், ஆற்றல் அழியாமை விதியே தவறோ என்ற ஐயம் எழுந்தது. 1930-இல் வோல்ஃப்காங் பௌலி, கண்ணில் படாத ஒரு துகள் மீதி ஆற்றலைக் கொண்டுபோகிறது என்று முன்மொழிந்தார். 26 ஆண்டுகள் கழித்து, 1956-இல், கோவனும் ரைன்ஸும் அணு உலை ஒன்றின் அருகே அதைக் கண்டறிந்தார்கள்.

அரை ஆயுட்காலம் என்றால் முழு ஆயுளில் பாதியா? எட்டு நாள் என்றால் பதினாறாம் நாளில் எல்லாம் தீர்ந்துவிடுமா?

தீராது. அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் சுமார் 8 நாள். இன்று இருக்கும் அணுக்களில் பாதி 8 நாளில் சிதையும். மீதியில் பாதி அடுத்த 8 நாளில். 16-ஆம் நாளில் கால் பங்கும், 24-ஆம் நாளில் அரைக்கால் பங்கும் எஞ்சும். 80 நாள் கழித்து ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் பலர் நின்று யோசிக்காத ஓர் உண்மை இருக்கிறது: அணுக்கருவுக்கு முதுமை கிடையாது. உயிர்கள் முதுமையடைகின்றன, இயந்திரங்கள் தேய்கின்றன. அதனால் பழையது சீக்கிரம் போய்விடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கதிரியக்க அணு அப்படியல்ல. நேற்று உருவான யுரேனியம்-238 அணுவும், பூமி தோன்றுவதற்கு முன்பே ஏதோ ஒரு விண்மீன் நிகழ்வில் உருவான யுரேனியம்-238 அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு துல்லியமாக ஒன்றே. இதுவரை எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பது கணக்கிலேயே வராது. பாதி, பாதியில் பாதி என்ற ஒழுங்கு இதிலிருந்துதான் பிறக்கிறது.

குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியாது. நம்மிடம் நல்ல கருவி இல்லாததால் அல்ல. குவாண்டம் இயக்கவியலின்படி அதைத் தீர்மானிக்கும் உள்காரணம் எதுவும் இல்லை.

ஆல்பா சிதைவில் இதை நன்றாகப் பார்க்கலாம். அணுக்கருவைச் சுற்றியுள்ள ஆற்றல் அரணைத் தாண்டும் அளவுக்கு ஆல்பா துகளிடம் ஆற்றல் கிடையாது. பழைய இயற்பியலின்படி அது வெளியே வரவே கூடாது. 1928-இல் ஜார்ஜ் காமோவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும், அரணை ஊடுருவிச் செல்வதற்கு ஒரு சிறிய நிகழ்தகவு உண்டு என்று காட்டினார்கள். அரணின் உயரமும் அகலமும் சற்றே மாறினாலும் அந்த நிகழ்தகவு பல கோடி மடங்கு மாறிவிடும். பொலோனியம்-214-இன் அரை ஆயுட்காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாதபோது, தோரியம்-232-க்கு அது 1,400 கோடி ஆண்டுகளாக நீள்வதன் காரணம் இதுவே.

தனி அணுவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாவிட்டாலும், கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்த கூட்டத்தைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

சூடாக்கினாலோ எரித்தாலோ அமிலத்தில் கரைத்தாலோ கதிரியக்கத்தை அழிக்க முடியாதா?

முடியாது. இவை எல்லாம் எலக்ட்ரான்களை மட்டுமே தொடுகின்றன. சீசியம் படிந்த பொருளை எரித்தால் சீசியம் சாம்பலிலும் புகையிலும் போய்ச் சேரும், அவ்வளவுதான். கழுவினால் நீருக்கு இடம் மாறும். இடம் மாற்றலாம், அடைத்து வைக்கலாம், அணைக்க இயலாது.

மிக நுட்பமான விதிவிலக்குகள் உண்டு. எலக்ட்ரான்கள் சிதைவில் நேரடியாகப் பங்கேற்கும் இடங்களில் அவற்றை அகற்றினால் வேகம் மாறும். ரீனியம்-187-இன் அரை ஆயுட்காலம் 4,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதன் எல்லா எலக்ட்ரான்களையும் உருவி எடுத்து ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் அளந்தபோது அது சுமார் 33 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. விண்மீன்களின் உட்புறத்தில் இது முக்கியம். அன்றாடப் பொருள்களில் நிகழாது.

அரை ஆயுட்காலம் நீளமாக இருந்தால் ஆபத்தும் அதிகமா?

பெரும்பாலும் நேர்மாறு. நீண்ட அரை ஆயுட்காலம் என்றால் ஒரு நொடியில் சிதையும் அணுக்கள் குறைவு என்று பொருள். ஒரு கிராம் யுரேனியம்-238-இல் நொடிக்குச் சுமார் 12,400 சிதைவுகள். ஒரு கிராம் ரேடியத்தில் சுமார் 3,700 கோடி. ஒரு கிராம் அயோடின்-131-இல் சுமார் 46 கோடி கோடி.

மிக விரைவாகச் சிதைவது ஒதுக்கி வைத்தால் விரைவில் தணிந்துவிடும். மிக மெதுவாகச் சிதைவது எந்நாளும் மங்கலாகவே இருக்கும். கவலை தருபவை இடையில் இருப்பவை: சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் ஏறக்குறைய 30 ஆண்டுகள். ஒரு மனித வாழ்நாளுக்குள் வலுவாகவும் இருக்கும், அந்த வாழ்நாளுக்குள் தீர்ந்தும் போகாது. அதோடு, உடலில் எங்கே சேர்கிறது, எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். அயோடின் தைராய்டுக்குப் போகிறது, ஸ்ட்ரான்சியம் எலும்புக்குப் போகிறது. அரை ஆயுட்காலத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எக்ஸ் கதிரோ காமா கதிரோ பட்ட ஒருவர் கதிரியக்கம் உடையவராகிவிடுவாரா?

ஆக மாட்டார். எக்ஸ் கதிர் எடுத்துக்கொண்டு வெளியே வருபவரிடம் எந்தக் கதிர்வீச்சும் தங்கியிருப்பதில்லை. காமா கதிர்களால் கிருமிநீக்கம் செய்த மருத்துவக் கருவிகளிலும் தங்காது.

கதிர்கள் மேலே படுவது வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வது வேறு. தூசாகவோ திரவமாகவோ அந்தப் பொருள் உடையில், தோலில், நுரையீரலில் சேர்ந்துவிட்டால் அதுவே மாசு. அந்த நிலையில் அவர் மற்றவர்களுக்கும் அதைக் கடத்தக்கூடும். உடையைக் களைந்து குளிப்பதே முதல் சிகிச்சை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால், விபத்துகளுக்குப் பிறகு ஊரைவிட்டு வெளியேறி வந்த அப்பாவி மக்களை மற்றவர்கள் ஒதுக்கி வைத்த கொடுமை நடந்திருக்கிறது. அறியாமையால் மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. எனவேதான் இந்த ஒரு பதிலை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

விதிவிலக்கு: நியூட்ரான்கள் பட்டால் பொருள் கதிரியக்கம் பெறக்கூடும், ஏனெனில் அவை அணுக்கருவுக்குள்ளேயே நுழைகின்றன. சிகிச்சைக்காகக் கதிரியக்க மருந்தை உட்கொண்டவர்களும் சில நாட்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பெக்கெரல், கிரே, சீவர்ட்: எது எதை அளக்கிறது?

நொடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கெரல். இது மூலப்பொருளைப் பற்றியது. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் ஒரு கிரே. அந்த ஆற்றல் உயிருக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சீவர்ட். ஆல்பாவுக்கு அந்தப் பெருக்கெண் 20. பீட்டாவுக்கும் காமாவுக்கும் 1.

செய்திகளில் 'இத்தனை லட்சம் பெக்கெரல்' என்று படித்தால் உடனே அஞ்ச வேண்டாம். பெக்கெரல் மிகச் சிறிய அலகு. நம் உடலிலேயே இயற்கையான பொட்டாசியம்-40-ஆல் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட சிதைவுகள் நிகழ்கின்றன. கார்பன்-14-ஆல் இன்னும் 3,000-க்கு மேல்.

எவ்வளவு கதிர்வீச்சு ஆபத்தானது?

உலகச் சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு இயற்கையிலிருந்து பெறுவது சுமார் 2.4 மில்லிசீவர்ட். அதில் ஏறக்குறையப் பாதி, மண்ணிலும் பாறையிலும் இருந்து கசிந்து வீடுகளுக்குள் தேங்கும் ரேடான் வாயுவால் வருகிறது. மார்பு எக்ஸ் கதிர் ஒன்று 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேன் 10-ஐ ஒட்டி வரலாம். கதிர்வீச்சுப் பணியாளர்களுக்குப் பன்னாட்டுப் பரிந்துரை, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20.

4,000 முதல் 5,000 மில்லிசீவர்ட் வரை குறுகிய நேரத்தில் உடல் முழுவதும் பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் இறக்கக்கூடும். 100-க்குக் கீழே புற்றுநோய் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதை மக்கள்தொகை ஆய்வுகளால் பிரித்தறிவது கடினம். பாதுகாப்பு விதிகள், சிறிய அளவுக்கும் சிறிய தீங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டே வகுக்கப்படுகின்றன. தேவையான ஸ்கேனைப் பயத்தால் மறுக்காதீர்கள். தேவையில்லாத ஸ்கேனைக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

கைபேசியின் கதிர்வீச்சும் இந்த வகையா?

இல்லை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஒரு கைபேசி அலைத்துகளிடம் இருக்கிறது. அயனியாக்கம் அதனால் முடியாது; சற்றுச் சூடாக்கலாம்.

கார்பன்-14 முறையில் டைனோசரின் வயதைக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்களால் உருவாகும் நியூட்ரான்கள் நைட்ரஜனைத் தாக்கிக் கார்பன்-14 ஆக்குகின்றன. உயிருள்ளவரை உடல் அதை உட்கொள்கிறது. இறந்ததும் வரவு நிற்கிறது, சிதைவு மட்டும் தொடர்கிறது. அரை ஆயுட்காலம் சுமார் 5,730 ஆண்டுகள். தொடக்கத்திலேயே அது மொத்தக் கார்பனில் லட்சம் கோடியில் ஒன்று என்ற அளவே. 50,000 ஆண்டுகளுக்கு மேல் போனால் அளக்க ஏதும் மிஞ்சாது. டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பாறைகளுக்கு யுரேனியம்–ஈயம், பொட்டாசியம்–ஆர்கான் முறைகள் இருக்கின்றன. 1956-இல் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்களை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டார்.

பூமி இவ்வளவு பழையது என்றால் யுரேனியம் ஏன் இன்னும் தீரவில்லை?

யுரேனியம்-238-இன் அரை ஆயுட்காலம் 447 கோடி ஆண்டுகள், அதாவது ஏறத்தாழப் பூமியின் வயது. ஆகவே பூமி தோன்றியபோது இருந்ததில் பாதி இன்னும் இருக்கிறது. அது 8 ஆல்பா, 6 பீட்டா சிதைவுகளைக் கடந்து ஈயம்-206-இல் போய் நிற்கிறது. ரேடியமும் ரேடானும் பொலோனியமும் அந்த வழியில் வரும் நிறுத்தங்கள். 1,600 ஆண்டுகளே அரை ஆயுட்காலம் கொண்ட ரேடியம் பூமியில் இன்னும் கிடைப்பதும் அதனால்தான்: அது ஓயாமல் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறது.

யுரேனியம்-235-க்கு அரை ஆயுட்காலம் 70 கோடி ஆண்டுகள் மட்டுமே. எனவே அது வெகுவாகக் குறைந்து, இன்று இயற்கை யுரேனியத்தில் 0.72 சதவீதமாக நிற்கிறது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது சுமார் 3.7 சதவீதம், அதாவது இன்று பல அணு உலைகளில் பயன்படுத்தும் செறிவூட்டிய எரிபொருளின் அளவு. அப்படியானால் அணு உலையில் நடப்பது போல, ஒரு கரு பிளந்து வெளிவிடும் நியூட்ரான்கள் அடுத்த கருக்களைப் பிளக்கும் தொடர்வினை இயற்கையிலேயே நிகழ்ந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நிகழ்ந்திருக்கிறது. 1972-இல் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலுள்ள ஓக்லோ சுரங்கத்தின் யுரேனியத்தில் 235-இன் பங்கு 0.7202-க்குப் பதிலாக 0.7171 சதவீதமாக இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு குறைவைத் துருவிப் போனபோது, நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க, அங்கே இயற்கை அணு உலைகள் நெடுங்காலம் விட்டு விட்டு எரிந்திருப்பது தெரியவந்தது. அவற்றில் உருவான பிளவுப் பொருள்களும் புளூட்டோனியமும் எவ்வளவு தூரம் நகர்ந்தன என்பதைப் பாறையில் அளந்து பார்த்தார்கள். சீசியம் போன்றவை வெளியேறிவிட்டன. புளூட்டோனியமும் அரிமண் தனிமங்களில் பெரும்பாலானவையும் உருவான இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. அணுக்கழிவை நிலத்தடியில் புதைப்பது குறித்த இன்றைய ஆய்வுகள் அந்தப் பாறைகளைத் தொடர்ந்து படித்துவருகின்றன.